கிராம்பும் அதன் எல்லையும்

நள்ளிரவில் பல்வலி வந்தால் நம் இல்லத்தார் முதலில் தேடுவது அஞ்சறைப் பெட்டியிலுள்ள கிராம்பையே. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட மரத்தின் உலர்ந்த மலர்மொட்டு அது. அதன் எண்ணெயில் மிகுந்துள்ள யூஜினால் என்னும் பொருள் வலியுணர்வை மரத்துப்போகச் செய்கிறது, கிருமிகளையும் ஒடுக்குகிறது. பல் மருத்துவரும் அப்பொருளைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துப் பற்குழியைத் தற்காலிகமாக அடைப்பதுண்டு. ஆகவே, முன்னோர் கைம்மருந்தை எள்ளுதல் தகாது.

ஆயினும், வலி அடங்குதல் வேறு. நோய் நீங்குதல் வேறு. கிராம்பு சொத்தையைத் தடுத்து நிறுத்தாது. வலி நின்றதென வாளாவிருப்போர் பல்லையே இழக்க நேரும். செறிந்த கிராம்பெண்ணெய் ஈறைப் புண்ணாக்கும். குழந்தை விழுங்கினாலோ கல்லீரலையே தாக்கக்கூடும். இரவுக்குக் கிராம்பு, விடிந்ததும் மருத்துவர் என்பதே அறிவுடைமை. மாணவச் செல்வங்களே, இதனை உம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பீராக!