கிட்னியில் 'சிஸ்ட்'டா? தமிழில் ரெண்டு வரி எழுதினால் என்ன?

வயிற்று வலி என்று ஸ்கேன் எடுக்கப் போகிறார் ஒரு மளிகைக் கடைக்காரர். கையில் ஒரு கவர் கொடுக்கிறார்கள். உள்ளே இங்கிலீஷ் சீட்டு. "கிட்னியில் சிஸ்ட்" என்று எதிர்வீட்டுப் பையன் படித்துச் சொல்கிறான். அவ்வளவுதான், வீடே இழவு வீடு!

சிஸ்ட் என்றால் நீர்க்கட்டி. சுவர் மெல்லிசாக, உள்ளே வெறும் நீராக இருந்தால் பயமில்லை. வயது ஏற ஏறப் பலருக்கும் வருவதுதான். நியூயார்க் டாக்டர் மார்ட்டன் பாஸ்னியாக் 1986-லேயே இதைத் தரம் பிரித்து வைத்துவிட்டார். முதல் இரண்டு தரமும் கிட்டத்தட்ட நிரபராதிகள். சுவர் தடித்து, உள்ளே சதை தெரிந்தால்தான் விசாரணை!

நீரில்லாத கெட்டிக் கட்டி என்றால் கதை வேறு. சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஊசியில் மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றியபின் ஒரு படம். மருந்தை வாங்கிக் கட்டி வெளுத்தால் சந்தேகம் பலம். அப்போதும் 4 சென்டிமீட்டருக்குக் குறைந்த கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல.

நீர்க்கட்டிக்காரர் நகையை அடகு வைக்க ஓடுகிறார். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனவரோ சீட்டை பீரோவில் சொருகிவிட்டுச் சும்மா இருக்கிறார். இரண்டுக்கும் காரணம் அந்தப் புரியாத சீட்டு.

நீரா, சதையா? அடுத்து எந்த டாக்டர், எத்தனை நாளில்? சீட்டின் அடியில் தமிழில் எழுத எவ்வளவு நேரமாகும்? கை வலிக்கிறதென்றால் ரப்பர் ஸ்டாம்பு செய்தாவது குத்தலாமே!