கடற்புல்லுக்கு யார் கணக்கு எழுதுவது?

2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்த ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற சரக்குக் கப்பல் மூழ்கியது. 1997இல் கட்டப்பட்ட அக்கப்பலின் கொடி லைபீரியாவுடையது. நிறுவனத்தின் தலைமையகமோ ஜெனீவாவில். மாலுமிகள் 24 பேரும் உயிர் தப்பினர். 640 கொள்கலன்களும், எரிபொருளாக இருந்த 367 டன் உலை எண்ணெயும் 84 டன் டீசலும் கடலுக்குள் போயின. ஜூன் 9 நள்ளிரவில் விசைப்படகுத் தடை தொடங்கவிருந்தது. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களே மீனவருக்கு எஞ்சிய வருவாய்க் காலம். அந்த நாட்களில்தான் கேரள மக்கள் மீனை வாங்கவே அஞ்சினர். 1953இல் ‘சாப்பா’ முறையை எதிர்த்துத் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர்களைப் பலிகொடுத்த மட்டாஞ்சேரிக்குக் கப்பல் முதலாளிகளின் கணக்கு புதிதன்று.

கப்பல் கிடப்பது ஏறத்தாழ 50 மீட்டர் ஆழத்தில். அச்சேற்றில் கடற்புல் வளர்வதில்லை. ஆகவே புல்வெளிகளுக்குக் கேடில்லை என நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் வாதிடக்கூடும். ஆனால் கொள்கலன்களிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் கிடந்த இடத்தில் கிடக்கவில்லை. கொல்லம், திருவனந்தபுரம் கரைகளில் ஒதுங்கியவை, பருவக்கால நீரோட்டத்தோடு குமரிமுனையைச் சுற்றி, ஜூன் மாதத்திலேயே தனுஷ்கோடியையும் இலங்கையின் மன்னார்க் கரையையும் எட்டின. மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் இந்தியாவின் கடற்புல் வளத்தின் தாயகங்கள். பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான காப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது.

கடற்புல் பாசியன்று, வேரும் பூவும் உடைய தாவரம். ஒளி குறைந்தால் வாடும். இறாலும் நண்டும் குஞ்சாக வளர்வது அதன் மறைவில். ஆவுளியா அதை வேரோடு பிடுங்கித் தின்கிறது. வேரடி மணலில் புதைந்த குருணை எங்கே போகும் என்று சொல்லவும் வேண்டுமோ?

கேரள அரசு ரூ.9,531 கோடி கேட்டு வழக்குத் தொடுத்தது. அதில் ரூ.8,626 கோடி சூழல் மாசுக்கானது. அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலை விடுவிக்க உயர்நீதிமன்றம் கேட்ட பிணைத்தொகையோ ரூ.1,227 கோடி. 1976ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கை, முதலாளியின் பொறுப்பைக் கப்பலின் டன் அளவைக் கொண்டு வரம்பிடுகிறது. அழிந்த கடலின் அளவு அதில் சேராது. ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ வழக்கில் இலங்கை உச்சநீதிமன்றம் 2025 ஜூலையில் 100 கோடி டாலர் இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அந்நாடு துணிந்ததை ஒன்றிய அரசு கண்திறந்து பார்க்கட்டும். மன்னார், பாக் புல்வெளிகளைக் கப்பல் முதலாளியின் செலவில் பல்லாண்டு ஆய்வு செய்து, அந்த இழப்பையும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கட்டும்.