ஒலியை முந்திய ஜமீன்தார்

கான்கார்டு விமானம் 2003 அக்டோபரில் ஓய்வு பெற்றபோது லண்டனில் கண்ணீர் விட்டவர்கள் உண்டு. இன்றும் அதன் பேச்சை எடுத்தால், "மனித குலம் முன்னே போவதை விட்டுப் பின்னே போய்விட்டது" என்று அங்கலாய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அங்கலாய்ப்பில் எனக்குச் சற்றும் அனுதாபம் இல்லை.

அழகான விமானம்தான், மறுக்கவில்லை. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரம். சரி ஐயா, யாருக்கு?

1962 நவம்பரில் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பாதியில் விலகிக்கொள்ள வழியே வைக்கவில்லை. 1964-ல் பதவிக்கு வந்த வில்சன் சர்க்கார் செலவுக் கணக்கைப் பார்த்து மிரண்டு, கைகழுவப் பார்த்தது. முடியவில்லை. தாலி கட்டியாயிற்று, இனி என்ன செய்வது என்கிற கதைதான். (பெயரின் கடைசியில் ஆங்கில 'ஈ' எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்று இரண்டு தேசங்களும் மல்லுக்கட்டியது தனிக் கதை.)

பான் அமெரிக்கன் போன்ற பெரிய கம்பெனிகள் 1973-ல் பின்வாங்கின. கட்டியது மொத்தம் இருபது. பிரயாணிகளை ஏற்றிப் பிழைத்தது பதினான்கு. அந்தப் பதினான்கும் போய்ச் சேர்ந்த இடம் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஏர் பிரான்சும். இரண்டும் அப்போது சர்க்கார் கம்பெனிகள்! சர்க்கார் சமைத்த பண்டத்தைச் சர்க்காரே சாப்பிட்டது. இதற்குப் பெயர் வியாபாரமாம்.

பின்னாளில் லாபம் வந்ததே என்பார்கள். வந்தது, உருவாக்கிய செலவை வரி கொடுப்பவன் தலையில் இறக்கி வைத்த பிறகு வந்தது. நூறு பேர் உட்காரும் அந்த விமானத்தின் டிக்கெட்டை அந்த வரி கொடுத்தவன் வாங்கியிருப்பானா?

கான்கார்டு முதன்முதல் பறந்தது 1969 மார்ச்சில். மூன்று வாரம் முன்னதாகப் பறந்தது போயிங் 747. நானூறு பேர் வரை அடைத்துக்கொண்டு, சாமானியனையும் கடல் தாண்ட வைத்தது அந்தத் தொந்திக்கார விமானந்தான். அதற்காக அழ யாருமில்லை.

2000-ல் பாரிஸ் அருகே 113 பேரைப் பலிகொண்ட விபத்தே கான்கார்டைக் கொன்றது என்பதும் அரைகுறை உண்மை. 1979-க்குப் பிறகு புதிதாக ஒன்றுகூடக் கட்டப்படவில்லையே!

மேலே போகிறவனுக்கு நேரம் மிச்சம். கீழே இருப்பவனுக்கு வெடிச் சத்தம். 1977-ல் லண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு விட்டபோது மலேசியா ஆட்சேபித்தது. இந்தியாவோ தன் மண்ணின் மேல் ஒலியை மிஞ்சிப் பறக்க இடமே கொடுக்கவில்லை. 1980-ல் அந்தத் தடம் மூடப்பட்டது. டில்லியில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி யாரோ, அவருக்கு ஒரு மாலை போட யாருக்கும் தோன்றவில்லை.