மேடைக்கு ஆள் தேடியது போதும்!



தோட்டம் விலை போகிறது என்று ஒரு வதந்தி கிளம்பினால் நம் லயங்களில் நடப்பது என்ன? பெரட்டில் ஒரு பேச்சு, கடையில் ஒரு பேச்சு, கோயில் வாசலில் ஒரு பேச்சு. பிறகு அவசரமாக ஒரு கூட்டம். அங்கே உரக்கப் பேசியவர் கழுத்தில் மாலை விழுகிறது. அவரே தலைவர்! மற்றவர் கை தட்டிவிட்டு வீடு திரும்புகிறோம். லயத்தை இடிக்க இயந்திரம் வந்து நிற்கும்போது, "தலைவர் கைவிட்டுவிட்டார்" என்று புலம்புகிறோம். கைவிட்டவர் அவரா, நாமா?

ஒருவரை மட்டும் நம்பி நிற்கும் இயக்கத்தை ஒரே கையெழுத்தால் முடக்கிவிடலாம். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் பொங்கி எழுந்தபோது, ஆட்சியாளர் ஆர்.எச். நாதனைக் கைது செய்தனர். பின் நாடு கடத்தினர். துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். அந்த வீரத்தைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆனால் பாடம் ஒன்று உண்டு. அடக்குவோர் தேடுவது தலையைத்தான். தலை பலவாக இருந்தால் எதை வெட்டுவர்?

1954-ல் தனித்தனியே நின்ற சங்கங்கள் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வந்த 1960-ல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணம் தோட்டங்களையே வாங்கியது. அழைப்பு ஒருவருடையது, பணமும் நம்பிக்கையும் பல்லாயிரம் பேருடையது. இதை மறக்கலாமா?

இன்றோ, ரப்பர் காடு செம்பனையாயிற்று, செம்பனை வீட்டுமனையாகிறது. பக்கத்தில் வேலை செய்பவர் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர். நாளை என்ன வரும் என்று எவருக்கும் தெரியாது. தெரியாத நாளுக்குத் துணை, முன்கூட்டியே சேர்த்து வைத்த நல்ல குழுதான்.

யாரைச் சேர்ப்பது? சட்டத்தைப் பாருங்கள். ஆட்குறைப்பு ஈட்டுத்தொகைக்கு 1980-ஆம் ஆண்டு விதிகள் உண்டு. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் என்றால் 15 நாள். ஓராண்டு நிறைந்து இரண்டாண்டு ஆகாதவருக்கு 10 நாள். தோட்டம் கைமாறினால், பழைய நிபந்தனைக்குக் குறையாத வேலையைப் புது முதலாளி 7 நாளுக்குள் தர முன்வர வேண்டும். தராவிட்டால் ஈட்டுத்தொகை கேட்கலாம். இந்த ஏழு நாளை எண்ணப் போவது யார்? யார் எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார் என்று ஏட்டைப் பார்த்துச் சொல்லப் போவது யார்? மேடைப் பேச்சாளரா? கணக்கு அறிந்த கிராணியல்லவா!

ஆனால் "கிராணி துரையின் ஆள்" என்கிறார் தொழிலாளி. "தொழிலாளிக்கு விவரம் போதாது" என்கிறார் கிராணி. இரண்டும் முதலாளிக்கு இனிக்கும் பேச்சு! கிராணி ஐயா, தோட்டம் விற்கப்படும் நாளில் உங்கள் மேசையும் சேர்ந்தே விலை போகிறது. தொழிலாளத் தோழரே, ஏட்டை அறியாத கோபம் லேபர் ஆபீஸ் வாசலோடு நின்றுவிடும்.

ஆகவே குழுவில் கணக்கு அறிந்தவர் ஒருவர் வேண்டும். எந்த வீட்டில் நோய், எந்த வீட்டில் கடன் என்று அறிந்த பால்மரப் பெண்கள் வேண்டும். நாற்காலியை நிரப்ப அல்ல, முடிவு செய்ய. அயல்நாட்டுத் தொழிலாளரோடு மலாயில் பேசி நெருங்கும் இளைஞர் வேண்டும். தலைவர் தவறினால் முகத்துக்கு நேரே "இது தவறு" என்று சொல்பவரும் வேண்டும். அவரை விரோதி என்று ஒதுக்கும் குழு, முதல் காற்றிலேயே சாய்ந்துவிடும்.

"தலைமையகம் பார்த்துக்கொள்ளும்" என்பது சோம்பலின் சாக்கு. தலைமையகம் வழக்காடலாம், உங்கள் லயத்து விவரத்தை நீங்கள்தானே தர வேண்டும்?

ஆட்களைச் சின்ன வேலையில் சோதியுங்கள். குழாய்த் தண்ணீர் பிரச்சினையை ஒருவரிடம் விடுங்கள். கோயில் கணக்கை இன்னொருவரிடம் விடுங்கள். சொன்ன நாளில் செய்தாரா? காசுக்குக் கணக்குக் காட்டினாரா? செய்தவரே நம் ஆள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வேலை பழக இன்னொருவரை நிறுத்துங்கள்.

விற்பனை அறிக்கை ஒட்டப்படும் நாளில் குழு தேடுவது, வீடு பற்றிய பின் கிணறு வெட்டுவது. இந்த மாதமே கூடுங்கள், தேர்ந்தெடுங்கள்!