கந்தையும் கோடியும்

"ரேக்ஸ் டூ ரிச்சஸ்" என்பது ஆங்கிலேயர் வழக்கு. கந்தையிலிருந்து செல்வத்திற்கு என்பது பொருள். கந்தை கட்டி வாழ்வைத் தொடங்கியவன் கனதனவான் ஆகிவிட்டால், அவன் வரலாற்றைக் கூறிட அந்த ஒரு தொடரே போதும். திருப்பூர்ப் பக்கம் பாராட்டு விழாவா, பத்திரிகைப் பேட்டியா, இத்தொடர் தவறாது தலைகாட்டும். ஆங்கிலம் அறியாதார், "உழைப்பால் உயர்ந்தவர்" என்று கூறிடுவர்.

தோழர்களே! உழைத்து உயர்ந்தோரைக் கண்டு நமக்குக் காய்ச்சல் இல்லை. குலத்தால் உயர்ந்தோம், கோத்திரத்தால் உயர்ந்தோம் என்று கொக்கரித்தோர் நடுவே, கையால் உயர்ந்தேன் என்று ஒருவன் கூறினால் களிப்போர் நாம். நமது கேள்வி வேறு. உயர்ந்தவர் ஒருவர், உழைத்தவர் எத்தனை பேர்?

இத்தகைய கதைகளுக்குப் பேர்போனவர் அமெரிக்க எழுத்தாளர் ஹொரேஷியோ ஆல்ஜர். 1868-இல் அவர் நூலாக வெளியிட்ட 'ராக்டு டிக்', தெருவிலே செருப்புக்கு மெருகிடும் சிறுவனின் கதை. உழைக்கிறான், படிக்கிறான், சேமிக்கிறான். ஆயினும் வாழ்வு திரும்பியது எங்கே? நீரில் விழுந்த குழந்தை ஒன்றைக் காப்பாற்றுகிறான். குழந்தையின் தந்தை செல்வர். கணக்கர் வேலை தருகிறார். உழைப்பின் பெருமை பேச வந்த கதையிலேயே கதவைத் திறந்தது செல்வரின் கை! விழுந்தது ஒரு கொத்தனார் வீட்டுக் குழந்தையாக இருந்திருப்பின், மறுநாளும் டிக்கின் கையில் செருப்புதான்.

திருப்பூரின் பனியன் முதலாளிகளை ஆராய்ந்து சரத் சாரி 2004-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களில் பலர் உழவர் குடியினர், கூலியாய் நின்றவர் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் உழைப்போடு உறவும், சாதியும், அவ்வழி வந்த கடனும் கைகொடுத்ததையும் காட்டுகிறார். பக்கத்திலே நின்று அதே வியர்வை சிந்திய அருந்ததியத் தோழனுக்கு அந்தக் கடன் ஏன் கிட்டவில்லை? கை மடித்தும் செக்கிங் பார்த்தும் கண் மங்கிய பெண்ணுக்கு ஏன் கிட்டவில்லை? அவர்கள் சோம்பேறிகளோ?

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையே இருக்கிறது திருமுருகன்பூண்டி. அவ்வூருக்கு ஒரு புராணம் உண்டு. சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு சுந்தரர் வருகிறார். சிவனாரின் பூதகணங்கள் வேடுவர் உருவில் வந்து பறிக்கின்றன. சுந்தரர் பாடுகிறார், பொருள் திரும்புகிறது. பறித்தது ஏன்? தம்மையன்றிப் பிறர் தம் தோழருக்குப் பொருள் தரலாகாதாம்! ஆக, மன்னன் தந்த பொன், ஒரு கொள்ளைக்குப் பின் ஆண்டவன் தந்த பொன் ஆயிற்று. பழி வேடுவன் வேடத்துக்கு, புகழ் ஆண்டவனுக்கு. (களவுக்கு வேடம் தேடிய பூதங்களுக்கு அரசன் வேடமோ, அர்ச்சகர் வேடமோ தோன்றவில்லை பாருங்கள்!)

பனியன் உலகிலும் இந்தப் புராணம் நடக்கிறது. தொழிலாளி ஈட்டியது முதலாளி கைக்குப் போய், அவர் "படியளந்தது" ஆகத் திரும்புகிறது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை என்று வகுத்த போனசை, தீபாவளிக்கு வள்ளல் வழங்கிய பரிசு போல் வாங்கி வணங்குகிறான் நம் தோழன்.

சுந்தரர் பாடிப் பெற்றார். தொழிலாளருக்குப் பாட்டு பலிக்குமோ? 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நான்கு திங்கள்! உலை ஏறாத வீடுகளில் எந்தப் பூதமும் வந்து பொன் வைத்துப் போகவில்லை. அதன்பின் வெளியே கொடுத்துத் தைக்கும் முறை பெருகிற்று. பவர் டேபிளில் தைப்பவன் யாரை முதலாளி என்று கேட்பான்? கந்தையிலிருந்து செல்வத்திற்குப் போகும் பாதையில் இந்த மேடு இருப்பதாக எந்த மேடையிலும் எவரும் சொல்லக் கேட்டதில்லை.

எதிர்த்திசையில் போனவரும் உண்டு. நொய்யலில் சாயநீர் ஓடி, ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுத் தேக்கமாகி, பாசனம் பாழான உழவர். 2011 சனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று அக்கேடு. அவர்கள் கதைக்கு ஆங்கிலத் தொடர் தேடுவார் இல்லை.

திருப்பூரில் கந்தை என்பது உவமையும் அன்று, சரக்கு. கட்டிங் மேசையில் மிஞ்சும் துணியை எடை போட்டு விற்கிறார்கள். ஒரு கிலோவும் வீணாவதில்லை. கோடி என்றால் தமிழில் புதுத்துணி என்றும் பொருள். கோடித் துணி தைத்தவன் பழையதை உடுத்துகிறான். கோடிப் பணம் வேறெங்கோ போகிறது.

அடுத்த பாராட்டு விழாவில் அந்தத் தொடர் ஒலிக்கும்போது, தோழா, சீட்டு ஒன்று எழுதி மேடைக்கு அனுப்பு: "ஐயா, தங்களிடம் தைப்போர் எத்தனை பேர்? அவர்களில் வைப்பு நிதி கட்டப்படுவோர் எத்தனை பேர்?"