மருந்தறை கற்பிக்கும் நீதி

சூலக்கரைச் சுற்றுவட்டாரத்தில் வெடி கலவையை ‘மருந்து’ என்றே அழைப்பர். ஆயினும் அதனோடு பழகுவோர்க்கு மயக்கம் ஏதுமில்லை. மருந்தறையில் நால்வருக்கு மேல் அமரலாகாது. அளவுக்கு மேல் மருந்து இருத்தலாகாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். விதி தவறினால் விளைவது யாதென 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் கண்டோம். ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின.

மருந்து பெருகினால் பாதுகாப்பும் பெருகும் என்று இங்கு எவரேனும் சொன்னால் அவரைப் பித்தர் என்போம். அதையே அரசுகள் சொன்னால் இராஜதந்திரம் என்று தலைவணங்குகிறோம்!

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுகள் வெடித்தன. அம்மாதமே பாகிஸ்தான் சாகாய் மலையில் விடையளித்தது. இனிப் போர் இராது என்றனர். மறு ஆண்டே கார்கில் போர் மூண்டது. 2025 மே மாதத்திலும் இரு நாட்டு ஏவுகணைகளும் பறந்தன. அச்சம் அமைதியை ஈன்றதா?

ஆயுதச் சமநிலையன்று, ஒருவர்மீது ஒருவர் கொள்ளும் நம்பிக்கையே அமைதிக்கு அடித்தளம் என்று திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963இலேயே கற்பித்தார். அணு ஆயுதத்தை வைத்திருப்பதே அறநெறிக்கு முரண் என்று 2019இல் ஹிரோஷிமாவில் முழங்கினார் திருத்தந்தை பிரான்சிஸ். 2017இல் ஐ.நா. அவையில் உருவான அணு ஆயுதத் தடை உடன்படிக்கையில் திருப்பீடம் கையொப்பமிட்டது. அணு ஆயுதம் ஏந்திய ஒன்பது நாடுகளுள் ஒன்றும் கையொப்பமிடவில்லை. நம் பாரதமும் அவற்றுள் ஒன்று.

“அண்டை நாடு ஏந்தியிருக்க, நாம் மட்டும் துறப்பதா?” என்பர். அனைவரும் ஒருங்கே துறப்பதற்கன்றோ அவ்வுடன்படிக்கை! பேச்சுவார்த்தைக்கே செல்லாதிருந்துவிட்டுப் பிறரைக் குறைகூறுவது நேர்மையாகுமா?

கூலித் தொழிலாளியின் மருந்தறைக்கு 1884 முதல் வெடிபொருள் சட்டம் உண்டு. ஆட்சியாளரின் அணுக்கிடங்குக்கு எந்தச் சட்டம்? இவ்வினாவை எழுப்புவது தேசத்துரோகமன்று, கிறிஸ்தவக் கடமை.