தீயணைக்கும் தண்ணீர் வண்டிக்கு என்ன அவசரம்?

தீயணைப்பு வீரர்கள் எப்படி இறக்கிறார்கள் என்று கேட்டால், தீயில், புகையில், இடிந்து விழும் கூரைக்கு அடியில் என்றுதான் யாரும் சொல்வார்கள். அமெரிக்காவில் தீப்பிடித்த இடத்துக்குப் போய்ச் சேராமலேயே, வழியில் வண்டி கவிழ்ந்து இறந்தவர்களும் நிறைய. அதிலும் ஒரு வகை வண்டி தனியாகத் தெரிகிறது. அதுதான் தண்ணீர் டேங்கர்.

அந்நாட்டின் மத்திய தீயணைப்பு நிர்வாகம் 2003இல் இந்த டேங்கர்களைப் பற்றி மட்டுமே ஒரு முழு அறிக்கை வெளியிட்டது. நாட்டில் உள்ள தீயணைப்பு வண்டிகளில் டேங்கர்கள் வெறும் 3 சதவீதம்தான். ஆனால் பம்பு வண்டி, ஏணி வண்டி இரண்டிலும் சேர்த்து இறந்த வீரர்களைவிட டேங்கரில் இறந்தவர்கள் அதிகம் என்றது அந்த அறிக்கை. ஒரு கம்பெனியில் 3 சதவீதச் சரக்கு இப்படியொரு நஷ்டத்தைக் காட்டினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

(பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 'டேங்கர்' என்றால் காட்டுத்தீயில் தண்ணீர் கொட்டும் விமானம். தரையில் ஓடும் வண்டிக்கு அங்கே 'டெண்டர்' என்று பெயர். நம்மூரில் 'ஃபயர் டெண்டர்' என்றால் தீயணைப்பு வண்டியே! இங்கே பேச்சு முழுக்கத் தரையில் ஓடும் தண்ணீர் வண்டியைப் பற்றித்தான்.)

நகரத்தில் இந்த வண்டிக்கு அவ்வளவாக வேலை இல்லை. தெருவுக்குத் தெரு குழாய் இருக்கிறது, பம்பு வண்டி அதில் ஹோஸை மாட்டிக்கொள்ளும். கிராமப்புறத்தில் குழாய் கிடையாது. பண்ணை வீடு எரிகிறது என்றால் தண்ணீர் ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு குளத்தில் இருக்கும். அங்கே நிரப்பிக்கொண்டு வந்து, தீ எரியும் இடத்தில் விரித்து வைத்திருக்கும் மடக்குத் தொட்டியில் கொட்டிவிட்டு, திரும்பப் போய் நிரப்ப வேண்டும். தீ அணையும்வரை இதே சுற்றுதான். ஓட்டுபவர் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர். பகலில் வயலிலோ கடையிலோ வேலை பார்ப்பவர். தினமும் ஓட்டுவது பிக்கப் வண்டி, டேங்கரை எப்போதோ ஒருமுறை.

டேங்கர் ஏன் இப்படிக் கவிழ்கிறது? தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 7,500 லிட்டர் தொட்டி என்றால் சுமை மட்டுமே ஏழரை டன், அதுவும் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. செங்கல் லாரியும் கனம்தான், ஆனால் செங்கல் நகராது. தண்ணீர் நகரும். வளைவில் திருப்பினால் அது வெளிப்பக்கம் போய்ச் சாய்கிறது. பிரேக் போட்டால் முன்னால் ஓடி வந்து, நிற்கப் போகும் வண்டியைச் சந்திப்புக்குள் தள்ளிவிடுகிறது. இதற்காகத்தான் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். பாதி நிரம்பிய தொட்டி எல்லாவற்றிலும் மோசம், தண்ணீர் ஆடுவதற்கு இடம் நிறைய. அதனால்தான் நிறைத்து ஓட்டு, இல்லையென்றால் காலியாக ஓட்டு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், பழைய வண்டி. புது டேங்கர் வாங்கக் காசில்லாத சின்ன ஊர்கள் பழைய பெட்ரோல் டேங்கரை வாங்கிச் சிவப்புப் பெயின்ட் அடித்துக்கொள்வது உண்டு. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. 8,000 லிட்டர் பெட்ரோல் ஆறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதே தொட்டியில் தண்ணீர் ஊற்றினால் எட்டு டன். ஆக, வண்டியின் அச்சும் ஸ்பிரிங்கும் பிரேக்கும் தாங்கச் செய்யப்பட்டதைவிட இரண்டு டன் அதிகமாக ஏற்றிக்கொண்டு, அதையும் சைரன் போட்டு ஓட்டுகிறார்கள். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்களா தெரியவில்லை.

வீரர்களின் மரணங்களை விசாரிக்க அங்கே 1998இல் ஒரு மத்தியத் திட்டம் தொடங்கினார்கள். அதன் டேங்கர் அறிக்கைகளில் ஒரே கதை திரும்பத் திரும்ப வரும். குறுகலான கிராமத்துச் சாலை. வலப்பக்கச் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்குகிறது. ஓட்டுநர் பதறிப்போய் ஸ்டியரிங்கை இடப்பக்கம் வெட்டுகிறார். சக்கரம் சட்டென்று சாலையில் ஏறுகிறது, வண்டி எதிர்ப்பக்கம் பாய்கிறது, தண்ணீர் முழுக்க ஒருபக்கம் சாய்கிறது, கவிழ்கிறது. சீட் பெல்ட் போடாதவர் வெளியே தூக்கி எறியப்படுகிறார்.

'வீடு எரியும்போது மெதுவாகப் போ என்றால் எப்படி?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதலில் போய்ச் சேரும் பம்பு வண்டியில் 3,800 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், நிமிடத்துக்கு 950 லிட்டர் அடித்தால் நாலே நிமிடத்தில் தீர்ந்துவிடும். உள்ளே வீரர்கள் இருக்கும்போது ஹோஸ் வற்றிப்போவது விளையாட்டுக் காரியம் இல்லை. டேங்கர் ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரை அழுத்துவது இந்தப் பயத்தில்தான், வீரம் காட்ட அல்ல.

ஆனால் அந்த அழுத்தல் எவ்வளவு தண்ணீரைக் கொண்டுவருகிறது? காமர்ஸ் மாணவர்களுக்குப் பிடித்த மாதிரி ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7,500 லிட்டர் டேங்கர், குளம் 5 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போக 5 நிமிடம், வர 5 நிமிடம். நிரப்ப 4 நிமிடம். சின்ன ஹோஸ் வழியாகக் காலி செய்ய 8 நிமிடம். மொத்தம் 22 நிமிடம், அதாவது நிமிடத்துக்குச் சராசரியாக 341 லிட்டர். இப்போது வேகத்தை 75 ஆக்குங்கள். சுற்றுக்கு 2 நிமிடம் மிச்சம், 375 லிட்டர் கிடைக்கும். இந்த 34 லிட்டருக்காக வண்டியின் இயக்க ஆற்றல் 56 சதவீதம் கூடுகிறது, பிரேக் அத்தனையையும் தாங்க வேண்டும்.

வேகத்தைத் தொடாமல், வண்டியின் பின்னால் ஒரு பெரிய திறப்பு வால்வு வைத்தால்? அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ 1901 தரநிலை டேங்கருக்குக் கேட்டது நிமிடத்துக்குச் சராசரியாக 1,000 கேலன், அதாவது சுமார் 3,785 லிட்டர் கொட்டும் திறன். அப்படியென்றால் 8 நிமிட வேலை 2 நிமிடத்தில் முடியும். சுற்று 16 நிமிடம், கிடைப்பது நிமிடத்துக்கு 469 லிட்டர், அதே 60 கி.மீ. வேகத்தில்! இரண்டாவது டேங்கர் ஒன்றும் கூடவே சுற்றினால் 938. நேரம் நின்றுகொண்டிருக்கும் இடத்தில் வீணாகிறது, அதைச் சாலையில் தேடிப் பிடிக்க நினைப்பதுதான் பிரச்னை.

இதை எப்போதோ புரிந்துகொண்டவர்கள் இன்சூரன்ஸ்காரர்கள். அங்கே ஐ.எஸ்.ஓ என்று ஒரு அமைப்பு (தரச் சான்றிதழ் ஐ.எஸ்.ஓ இல்லை, இது இன்சூரன்ஸ் சர்வீசஸ் ஆபீஸ்) ஒவ்வொரு ஊரின் தீயணைப்பு வசதிக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகிறது. 1 நல்லது, 10 மோசம். வீட்டு இன்சூரன்ஸ் பிரீமியத்தில் இது எதிரொலிக்கும். டேங்கர் எவ்வளவு தண்ணீர் கொண்டுவரும் என்று மதிப்பிட அவர்கள் வைத்திருக்கும் சூத்திரம்: மைல் தூரத்தை 1.7ஆல் பெருக்கி 0.65 கூட்டினால் பயண நிமிடம். அதன் அடிப்படை மணிக்குச் சராசரி 35 மைல், சுமார் 56 கி.மீ.தான். பணத்தைக் கட்டி வைத்திருப்பவனே 56 போதும் என்று கணக்குப் போடும்போது, தொண்டருக்கு மட்டும் எதற்கு 100?

ஆகவே அவசரத்தைத் தொலைபேசியில் காட்ட வேண்டும். 'வீடு எரிகிறது' என்று தகவல் வந்த நிமிடமே பக்கத்து ஊர் டேங்கர்களையும் சேர்த்து அழைத்துவிட்டால், பம்பு வண்டி வற்றும் முன் வரிசையில் அடுத்தது வந்துகொண்டிருக்கும். தீயைக் கண்ணால் பார்த்த பிறகு கூப்பிடலாம் என்று பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடுவதும், அந்தப் பத்து நிமிடத்தை ஓட்டுநரிடம் திருப்பிக் கேட்பதும் அநியாயம். சுற்று ஓடத் தொடங்கிய பிறகு சைரனே தேவையில்லை, சாதாரணப் போக்குவரத்தோடு வரலாம்.

வேகக் கட்டுப்பாடு விதியில் இல்லாமல் இல்லை. அதே தரநிலையின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு, 1,250 கேலனுக்கு மேல் கொள்ளும் புது வண்டிகள் 60 மைலுக்கு (சுமார் 97 கி.மீ.) மேல் ஓடாதபடி செய்யச் சொன்னது. பழைய வண்டிகளை அது தொடவில்லை. அதுவும் நேர்ச்சாலைக்கான உச்சம், வளைவில் 60 மைல் என்றால் கதை முடிந்தது.

லைசென்ஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் 26,001 பவுண்டு, அதாவது சுமார் 11.8 டன் எடைக் கணக்கை எட்டும் வண்டியில் பால் ஏற்றி ஓட்ட வேண்டுமானால் கனரக வாகன லைசென்ஸ் வேண்டும், தேர்வு எழுத வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். அதே எடையில் தண்ணீர் ஏற்றிச் சைரன் போட்டு ஓட்டும் தீயணைப்பு வீரருக்கு விலக்கு கொடுக்க மாநிலங்களுக்கு மத்திய விதி அனுமதி தருகிறது. பல மாநிலங்கள் கொடுத்தும் இருக்கின்றன. ஆள் கிடைக்காது என்பது காரணம். அது உண்மையும்கூட, இரவு இரண்டு மணிக்கு இலவசமாக எழுந்து வருபவரிடம் ஆயிரம் காகிதம் கேட்டால் யார் வருவார்கள்?

சரி, லைசென்ஸ் வேண்டாம். மண்ணில் இறங்கிய சக்கரத்தை என்ன செய்வது என்றாவது சொல்லிக்கொடுக்கலாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை வெட்டாமல் நேராகப் பிடித்து, வேகம் நன்றாகக் குறைந்த பிறகு மெதுவாகச் சாலையில் ஏற்ற வேண்டும். கேட்க எளிது, ஆனால் கை தானாக எதிர்த்திசையில் வெட்டத்தான் பார்க்கும். பழக்கினால் மட்டுமே வரும். அதற்குத் தேவை ஒரு காலி மைதானம், ஓரத்தில் கொஞ்சம் மண், வழிகாட்டப் பத்துப் பிளாஸ்டிக் கூம்புகள், ஒரு ஞாயிற்றுக்கிழமை.